சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு

டர்பன் துறைமுகம்.
தரையிலிருந்து நாற்பது மீட்டர் மேலே,
கண்ணாடித் தரை போட்ட பெட்டிக்குள்
பதினேழு வருடமாகக் குனிந்திருக்கிறேன்.
முழங்கால்களுக்கு நடுவே கடல்,
முழங்கால்களுக்கு நடுவே கப்பல்,
கையசைக்கும் ஆட்கள்
மிளகு மிளகாய்.

எனக்கு எங்கும் வலிக்கவில்லை.
புசிசிவேயிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன்.
"நல்லது, மேல்சட்டையைக் கழற்றுங்கள்" என்றாள்.

சாட்ஸ்வொர்த்தில் கோழிக் கடைக்கு மேல்மாடி அவள் அறை.
படியேறும்போதே மசாலா மூக்கைத் துளைக்கும்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன்.
"நோகாத உடம்புக்குக் காசு கொடுத்து
நோவு தேடுகிறாய்" என்பான் தயாளன்.
அவன் டொயோட்டா
பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டால்
சர்வீஸுக்கு விடும்வரை
அவனுக்குத் தூக்கம் வராது.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் கிரேனுக்கும் ஒருவர் வருவார், இம்ரான்.
எஃகுக் கயிற்றின் பருமனை அளப்பார்.
பிறகு பழந்துணி ஒன்றை அதன்மேல் மெல்ல ஓட்டுவார்.
துணி எங்கே மாட்டுகிறதோ
அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது.
ஒரு முழத்துக்கு எத்தனை என்று
எண்ணி, புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போடுவார்.
கிரேன் ஒருநாளும்
வலிக்கிறது என்று சொன்னதில்லை.

புசிசிவேயின் விரல்கள்
அந்தத் துணியைப் போலத்தான் போகும்.
தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றன.
"இங்கே?"
"வலிக்கவில்லை."
"நான் வலியைக் கேட்கவில்லை."

கையைத் தூக்கச் சொன்னாள்.
என் மகன் வருடா வருடம் பள்ளியில் தொலைத்த
பிளாஸ்டிக் கோணமானி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தாள்.
மார்ச்சைவிடப் பன்னிரண்டு டிகிரி குறைவு.
பிறகு, உடம்பை அசைக்காமல்
இடப்பக்கம் கழுத்தை மட்டும் திருப்பச் சொன்னாள்.

சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருப்பாள்.
மார்ச்சில் அதைப் பார்த்தேன்.
இந்தப் புரட்டாசியில் காணோம்.
வெள்ளைச் சுவர், ஒரு ஆணி,
ஜன்னல் ஓரத்தில் ஒரு பல்லி.
"இடம் மாற்றிவிட்டாயா?"
"பொட்டு அங்கேயேதான் இருக்கிறது."

பூபாலன் படையாச்சி ஞாபகம் வந்தார்.
எனக்கு முன்னால் அந்தப் பெட்டியில் இருந்தவர்.
தம்பியின் சாவில்
யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க
நாற்காலியோடு எழுந்து, நாற்காலியோடு திரும்பினார்.
"நமக்கு ஒன்றுமில்லை, இரும்பு" என்றுதான்
கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.
ஒரு இரவு ஷிப்டில்
ஏணியில் இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கினார்கள்.
அந்த வாரம் முழுக்கத் துறைமுகத்தில் அதே பேச்சு.
நானும் சிரித்தேன்.

இப்போது, லாரி வரத் தாமதிக்கும்
நாற்பது விநாடிகளில்
முகவாயைப் பின்னுக்கு இழுக்கிறேன்.
இரட்டைத் தாடை விழுகிறது,
விழட்டும், கடற்காக்கைக்குத்தான் தெரியும்.
கதவுச் சட்டத்தில் முழங்கையை ஊன்றி
நெஞ்சை முன்னே தள்ளுகிறேன், எண்ணுகிறேன்.
வயர்லெஸ்ஸில் சிஃபோ கூப்பிடுகிறான்:
"அக்கா, மேலே தூக்கமா?"
சில நாள் மறந்துவிடுகிறேன்.
சில நாள் சோம்பல்,
மறந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனேன்.
கழுத்தைத் திருப்பினேன். ஆணி. அதற்கப்பால்
விளிம்பில் ஒரு சிவப்பு.
"தெரிகிறது" என்றேன்.
"எவ்வளவு?"
"முழுசாக."
என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எழுதினாள்: பாதி.

கூட்டிப்போக வந்த தயாளன்
கோழிக் கடை வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தான்.
கண்ணாடியில் பார்த்தான், திரையில் பார்த்தான்,
இருக்கையை அணைத்தபடி
இடுப்போடு மொத்தமாகத் திரும்பிப் பார்த்தான்.
கழுத்து மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து கோயில் காலண்டரைப் புரட்டினேன்.
காவடிக்கு அடுத்த வாரம், செவ்வாய், பத்து மணி.
என் பெயருக்குக் கீழே
அவன் பெயரையும் எழுதி வைத்தேன்.
பென்சிலால்தான்.